பகிடிப் பாட்டுக்காரியிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, இப்போது வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸில் குடியிருந்துகொண்டு, யூடியூபிலும் பேஸ்புக்கிலும் டிக்டொக்கிலும் பகிடிப் பாட்டுப் போடுகிறவள் நான். ஒன்பது வருஷமாகிறது. கல்யாண வீட்டிலும், 155ஆம் இலக்க பஸ்ஸிலும், ஒரு தடவை பல் வைத்தியரின் கதிரையில் வாயைத் திறந்தபடி கிடந்தபோதும் இதே கேள்விகளைத்தான் கேட்டிருக்கிறார்கள். பல் வைத்தியருக்கு அன்று பதில் சொல்ல முடியவில்லை. அவருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

இது பாரடிதானே?

பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஊருக்கே தெரிந்த மெட்டில் வேறு சொற்களைப் போடுவது பாரடி. அதையும் செய்து கையைச் சுட்டிருக்கிறேன். அந்தக் கதை கீழே வருகிறது. மற்றபடி மெட்டும் சொல்லும் என்னுடையவை. ஒரு கீபோர்ட், இரண்டரை நிமிஷம், ஒரு முறைப்பாடு. வீட்டுக்கார அன்ரி, டியூஷன் வாத்தியார், விடியக் காலை ஐந்தரைக்கு வட்ஸ்அப்பில் ரோஜாப்பூ அனுப்பும் மாமா, இவர்கள்தான் என் கதாபாத்திரங்கள்.

எப்படித் தொடங்கினீர்கள்?

அம்மா தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தார். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது கீபோர்ட்டுக்கு முன்னால் இருத்திவிட்டார். பூசையில் வாசிக்கிறவர்களுக்கு ஒரு பயிற்சி தானாகவே கிடைக்கும். பிரசங்கம் முடியப் போகிறது என்று கையை வைப்போம்; குருவானவர் "கடைசியாக ஒன்று" என்பார். அந்தக் கடைசி பத்து நிமிஷம் போகும். ஒரே கோர்டை, அதாவது சேர்த்து அழுத்தும் இரண்டு மூன்று சுரங்களை, பிடித்துக்கொண்டு முகத்தில் பக்தி குறையாமல் காத்திருக்க வேண்டும். பகிடிக்குத் தேவையான பொறுமையை நான் படித்த இடம் அதுதான்.

உயர்தரம் முடித்த பிறகு ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை கிடைத்தது. சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று. இரவு வேலையில் அந்த இரண்டு நான் ஒருத்திதான். நான் கழிவறைக்குப் போனால் இலங்கைத் தமிழர் அத்தனை பேரும் காத்திருப்பு இசை கேட்பார்கள். ஐந்தாறு நிமிஷம் காத்திருந்து கிடைத்தவர்கள் முதலில் கேட்பது, "பிள்ளை, தமிழ் தெரியுமோ?" 2016 கடைசியில், அந்தக் காத்திருப்பு இசையின் மெட்டைக் கொஞ்சம் வளைத்து, "இரண்டை அழுத்தவும்" என்று ஒரு பாட்டை என் அறையில் போனில் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டேன். இரண்டு நாளில் அது எனக்கே வட்ஸ்அப்பில் திரும்பி வந்தது, அனுப்பியவர் யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் பெரியம்மா. "பாவம் இந்தப் பிள்ளை, யாரோ தெரியாது" என்று எழுதியிருந்தார்.

மேலாளர் கூப்பிட்டார். நிறுவனத்தின் பெயர் பாட்டில் இல்லை, ஆனால் மெட்டு இருந்ததே! ஆறு மாதத்தில் நானாக விலகினேன். அதுவரை இரண்டாவது ஆளை அவர்கள் எடுக்கவில்லை.

வெள்ளைக்காரரைப் பார்த்துப் பழகினதா?

கொஞ்சம். போ பேர்ன்ஹாம் என்ற அமெரிக்கப் பொடியன் 2006இல், பதினாறு வயதில், தன் படுக்கையறையிலிருந்து பாட்டை யூடியூபில் போட்டுப் பெயர் எடுத்தவர். யூடியூபுக்கே அப்போது ஒன்றரை வயதுதான். 2021இல் ஒற்றை அறைக்குள் தனியாகவே எடுத்த "இன்சைட்" நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அறையும் கீபோர்ட்டும் போதும் என்ற தைரியம் எனக்கு அவரிடமிருந்து வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

பாடிச் சிரிக்க வைக்கும் வேலையோ இங்கே பழையது. தமிழ்நாட்டில் என்.எஸ். கிருஷ்ணன் பாட்டாலும் வில்லுப்பாட்டாலும் செய்ததை நம் தாத்தாமார் இங்கிருந்தே ரசித்தார்கள். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் சின்னமணியின் வில்லிசைக்கு விடியும்வரை சனம் இருந்தது. பிறகு பொப் இசைக் காலம்: நித்தி கனகரத்தினத்தின் "சின்ன மாமியே" பகிடிப் பாட்டு இல்லாமல் வேறென்ன? ஏ.ஈ. மனோகரன் பைலா என்ற சிங்கள ஆட்டப் பாட்டையும் தமிழையும் ஒரே மேடையில் கலந்து, "சுராங்கனி"யைக் கடலுக்கு அந்தப் பக்கமும் பாட வைத்தார். 2018 ஜனவரியில் அவர் சென்னையில் காலமான அன்று எங்கள் ஒழுங்கையில் ஒரு ஓட்டோக்காரர் பொழுதுபடும்வரை அவர் பாட்டையே போட்டுக்கொண்டிருந்தார்.

பைலாவையும் மறக்கக் கூடாது. அதை இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்த வொலி பஸ்தியன் ஒரு பொலிஸ்காரர். வாத பைலா என்று ஒன்று உண்டு; இரண்டு பேர் மேடையில் எதிர் எதிரே நின்று, கொடுத்த விஷயத்தில் அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டி ஒருவரை ஒருவர் மடக்க வேண்டும். யூடியூப் வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே கொழும்பில் இது இருந்தது.

பாட்டை எப்படி எழுதுகிறீர்கள்? முதலில் மெட்டா, சொல்லா?

முதலில் கோபம். பிறகு மெட்டு. சொல் கடைசியில்தான்.

மெட்டு ஏன் முந்த வேண்டும் என்றால், கேட்கிறவருக்கு அடுத்தது என்ன என்ற எதிர்பார்ப்பைக் கொடுப்பது மெட்டுத்தான். எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் ஏமாற்றவும் முடியாது. அதனால்தான் பாட்டு உருப்படியாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறேன். சுருதி விலகினால் சனம் சுருதியைப் பார்த்துச் சிரிக்கும், பகிடி வீணாகிவிடும்.

தமிழில் இதற்கு இரண்டு வசதிகள் உண்டு. எங்கள் வினைச்சொல் வசனத்தின் கடைசியில் வருகிறது. "அவர் என் கல்யாணத்துக்கு நூறு பேரைக் கூட்டிக்கொண்டு" என்று பாடி நிறுத்தினால், வந்தாரா, வரப் பார்த்தாரா, ஓடினாரா என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த ஒரு அடி இடைவெளியில் முழு மண்டபமும் என் கையில். இரண்டாவது, எதுகையும் இயைபும். எதுகை அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தில் ஒத்து நிற்பது. காதுக்கு இனிமை, ஆனால் பகிடிக்கு அவ்வளவு உதவாது, ஏனென்றால் சீட்டை முதலிலேயே காட்டிவிடுகிறது. இயைபு அடியின் கடைசியில் ஒத்து வருவது. அதைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். இரண்டு தடவை ஒரே சொல்லில் முடித்தால் மூன்றாவதைக் கேட்கிறவரே முடிக்கப் பார்ப்பார். அங்கேதான் காலை வாரவேண்டும்.

என் அனெக்ஸ் பாட்டிலிருந்து ஒரு துண்டு:

ஆணி அடிக்காதே எண்டு அன்ரி சொன்னா
கருவாடு பொரிக்காதே எண்டு அன்ரி சொன்னா
மூச்சாவது விடலாமோ எண்டு நான் கேட்டேன்
மூண்டு மாச அட்வான்ஸைத் தா எண்டு சொன்னா

மூன்றாவது வரியில் "சொன்னா" வராமல் "கேட்டேன்" வருகிறது, கவனித்தீர்களா? காது ஒரு படி தவறிப் போகிறது. அந்தத் தடுமாற்றம் இல்லாமல் நாலாவது வரிக்குச் சிரிப்பு வராது. முதலில் நாலு வரியும் "சொன்னா" என்றே எழுதியிருந்தேன். பத்துப் பேருக்குப் பாடிக் காட்டினேன், ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு சொல்லை மாற்ற ஒன்பது நாள் எடுத்தது. என் அன்ரி இன்னும் அந்தப் பாட்டைக் கேட்கவில்லை என்றுதான் நம்புகிறேன். போன மாதம் வாடகை கூடியது வேறு காரணமாக இருக்கலாம்.

தாளத்துக்குப் பெரும்பாலும் பைலாவின் 6/8. அதில் எந்தச் சோகத்தைச் சொன்னாலும் தோள் ஆடும். வாய் அழுகிறது, தோள் ஆடுகிறது, அந்த முரண்பாடே பாதிப் பகிடி. ஒன்று மட்டும் சொல்கிறேன், புதிதாக வருகிறவர்கள் தயவுசெய்து கொத்து ரொட்டிச் சத்தத்தை வைத்துப் பாட்டுச் செய்யாதீர்கள். எல்லோரும் செய்துவிட்டோம். நானும்தான்.

எந்தத் தமிழில் பாடுவது?

இதில் நான் ஒரு பிழை விட்டேன். 2018இல் மலையகத் தமிழ் உச்சரிப்பைப் பிடித்து ஒரு பாட்டுப் போட்டேன். நன்றாகத்தான் ஓடியது. ஹட்டன் பக்கத்தில் படிப்பிக்கும் ஒரு பெண் எனக்கு இரண்டே வரி எழுதினார்: "தங்கச்சி, பாட்டில் பகிடி எது என்று தேடினேன். நாங்கள் பேசுகிற விதம்தான் பகிடியா?" மூன்று தடவை பாட்டைக் கேட்டேன். அவர் சொன்னதுதான் சரி. உச்சரிப்பைக் கழித்தால் அந்தப் பாட்டில் ஒன்றுமே இல்லை. எடுத்துவிட்டேன்.

அப்படியென்றால் ஊர்த் தமிழைத் தொடவே கூடாதா? தொடலாம். இலங்கை வானொலியில் "கோமாளிகளின் கும்மாளம்" என்று ஒரு தொடர் நாடகம் போனது. பிறகு 1976இல் "கோமாளிகள்" என்று படமாகவும் வந்தது. மரிக்காராக ராம்தாஸ், அப்புக்குட்டியாக ராஜகோபால், உபாலியாக செல்வசேகரன், ஐயராக அப்துல் ஹமீத். அந்தப் பெயர்ப் பட்டியலே ஒரு பகிடி! நாலு பேரும் நாலு தமிழ் பேசினார்கள், ஒருவர் காலை மற்றவர் வாரினார், எந்தத் தமிழும் நிரந்தரமாகக் கீழே கிடக்கவில்லை. ஒரு தமிழில் நின்றுகொண்டு இன்னொன்றைக் கீழே பார்த்துச் சிரித்தால்தான் அது நாறுகிறது.

நான் இப்போது கொழும்புத் தமிழிலேயே பாடுகிறேன். அது பாதி வழியில் சிங்களத்துக்குள் போய்த் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வரும் தமிழ். சிங்களத்தில் "எபா" என்றால் வேண்டாம். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு சிங்கள அங்கிளிடம் அம்மம்மா "தேத்தண்ணி?" என்று கேட்டார். அவர் "எபா" என்றார். அம்மம்மா "எப்பவோ? இப்பத்தான்!" என்று ஊற்றிக் கொடுத்தார். அவர் மூன்று கோப்பை குடித்த கதையை அப்படியே பாட்டாக்கினேன். இரண்டு மொழிக்காரரும் சிரித்த பாட்டு அது ஒன்றுதான்.

யூடியூபில் எவ்வளவு வருகிறது?

உண்மையில் எல்லோரும் கேட்க வருவது இதைத்தான்.

விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் என்ற குட்டி வீடியோக்கள் 1 கோடி தடவை ஓடியிருக்க வேண்டும். நீள வீடியோவின் விளம்பரக் காசில் 55 வீதம் நமக்கு. ஷார்ட்ஸில் நமக்கு ஒதுக்குகிற தொகையில் 45 வீதம். 100 டொலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள். இரண்டரை நிமிஷப் பாட்டுக்காரிக்கு 4,000 மணி என்பது மலை. சமையல்காரர் ஒரு கோழிக்கறியில் இருபது நிமிஷம் பார்க்க வைப்பார், நான் எட்டுப் பாட்டுப் போட வேண்டும்.

யார் எங்கிருந்து பார்க்கிறார்கள் என்பதும் பெரிய விஷயம். விளம்பரத்துக்குக் கொடுக்கும் விலை நாட்டுக்கு நாடு வேறு. கொழும்பில் நூறு பேர் பார்ப்பதைவிட ரொறொன்ரோவில் பத்துப் பேர் பார்ப்பது சில மாதங்களில் எனக்கு லாபமாக இருந்திருக்கிறது. அதற்காகக் கனடாக் குளிரைப் பற்றிப் பாடலாம் என்று ஆசை வரும். நான் குளிரைக் கண்டது நுவரெலியாவில் மட்டும். விட்டுவிட்டேன்.

என் சோறு வருவது வேறு இடங்களிலிருந்து: கல்யாணம், பிறந்தநாள், நிறுவனங்களின் வருடக் கடைசி விருந்து, விளம்பரப் பாட்டு, அதோடு வாரத்தில் மூன்று நாள் கீபோர்ட் வகுப்பு. யூடியூப் எனக்கு விசிட்டிங் கார்ட் மாதிரி.

வரியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து சேவைக்காக வங்கி வழியாக வரும் வருமானத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் அதிகபட்சம் 15 வீத வரி உண்டு. வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் விலக்கு இருப்பதால் என்னைப் போன்றவர்கள் பெரிதாகப் பயப்படத் தேவையில்லை, ஆனால் கணக்கை எழுதி வையுங்கள். கூகுள் கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தையும் நிரப்பிவிடுங்கள். விட்டால் முழு வருமானத்திலும் 24 வீதம் வரை பிடித்துக்கொள்ளலாம். நான் பட்டுப் படித்த பாடம் அது.

சினிமாப் பாட்டு மெட்டில் எழுதலாமா?

எழுதலாம், காசு உங்களுக்கு வராது. நான் கையைச் சுட்டது இங்கேதான். ஒரு படப் பாட்டுக்குப் பகிடிச் சொல் போட்டு, கரோக்கே இசையோடு பாடி ஏற்றினேன். யூடியூபின் தானியங்கி முறை மெட்டை மோப்பம் பிடித்து, நான் தேநீர் ஊற்றி முடிப்பதற்குள் உரிமைக்காரருக்கு அறிவித்துவிட்டது. அந்த வீடியோவின் விளம்பரக் காசு இன்றுவரை அவர்களுக்குத்தான் போகிறது. என் பாட்டுகளிலேயே அதிகம் ஓடியது அதுதான் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இலங்கையின் புலமைச் சொத்துச் சட்டத்தில் (2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கம்) நியாயமான பயன்பாடு என்று ஒரு பகுதி உண்டு. விமர்சனம், கருத்துரை, செய்தி, கற்பித்தல், ஆய்வு என்று உதாரணங்களை அடுக்கும் அந்தப் பிரிவில் பாரடி என்று தனியாகச் சொல்லவில்லை. வாதாடிப் பார்க்கலாம், ஆனால் ஒரு பகிடிப் பாட்டுக்காக வழக்கறிஞர் பிடிக்க என்னிடம் காசில்லை. அமெரிக்காவின் "வியர்ட் அல்" யாங்கோவிக் பாரடியில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவரே மூலப் பாடகரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்கிறார். 1996இல் கூலியோ என்ற ராப் பாடகரின் பாட்டு விஷயத்தில் அனுமதி பற்றிய குழப்பத்தில் மனஸ்தாபம் வந்து, பிறகு சமாதானமானார்கள்.

சொந்த மெட்டு வராதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். இலங்கையில் ஒரு படைப்பின் உரிமை, ஆக்கியவர் இறந்து 70 வருஷம் வரைக்கும்தான். காவடிச்சிந்து தந்த அண்ணாமலை ரெட்டியார் காலமானது 1891இல், அந்தச் சந்தங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது பாண் விற்றுக்கொண்டு வரும் ஓட்டோவின் மெட்டு. "ஃபூர் எலீஸ்" என்று அது ஊர் ஊராகப் பாடிக்கொண்டு போகிறதே, அது பேத்தோவன் 1810இல் எழுதியது. மெட்டுக்கு ஒருவரும் வழக்குப் போட முடியாது, இன்னொருவரின் ஒலிப்பதிவைத் திருடாமல் நீங்களே வாசித்தால் சரி. "மாலுபாண் இருக்கா" என்று அதற்கு நான் எழுதிய சொற்களை இப்போது எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் ஓட்டோவுக்குப் பின்னால் பாடிக்கொண்டு ஓடுகிறார்கள். பேத்தோவன் மன்னிக்கட்டும்.

அரசியல் பாடுவீர்களா? பயமில்லையா?

பயம் உண்டு. 2023 மே மாதம் நதாஷா எதிரிசூரிய என்ற நகைச்சுவைக் கலைஞர், மேடையில் சொன்ன பகிடிகள் பௌத்தத்தை இழிவுபடுத்துகின்றன என்ற முறைப்பாட்டில் கைது செய்யப்பட்டார். 2007இன் ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தைப் பயன்படுத்தினார்கள். நீதவான் நீதிமன்றத்தில் பிணை எடுக்க முடியாத சட்டம் அது. ஜூலையில் மேல் நீதிமன்றம்தான் பிணை கொடுத்தது. பேச்சுச் சுதந்திரம் உட்பட மனித உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் பெயரில் வந்த சட்டத்தால் ஒரு பகிடிக்காரி உள்ளே இருந்தார். இதை நான் எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறாய் என்று சொல்லியிருப்பீர்கள். 2024 பெப்ரவரி 1 முதல், இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது.

நான் ஆட்களின் பெயரைப் பாடுவதில்லை, வெங்காய விலையைப் பாடுகிறேன். அது கோழைத்தனம் என்று ஒரு நண்பன் சொன்னான். இருக்கலாம். சமயத்தைத் தொடுவதில்லை, என் சொந்தச் சமயத்தின் பாடகர் குழுவைத் தவிர. அவர்கள் சிரித்துக்கொண்டே வெட்டுவார்கள்.

பகிடி வராத காலம் இருந்ததா?

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, குண்டுகள் வெடித்த நாள். கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து நடக்கும் தூரம். அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அந்த வருஷம் முடியும்வரை ஒன்றும் போடவில்லை, கீபோர்ட்டை மூடிய துணியைக்கூட எடுக்கவில்லை.

2022 வேறு மாதிரி. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. கேஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. அப்போதோ பகிடி தானாக ஊறியது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், பற்றரியில் 11 வீதம் இருக்கும்போது எடுத்த "வரிசை" பாட்டுத்தான் நான் மினக்கெட்டு ஒளியமைப்புச் செய்த எல்லாவற்றையும்விட அழகாக இருக்கிறது. ஏப்ரலில், அரசாங்கத்துக்கு எதிரான போராட்டம் நடந்த காலிமுகத்திடலுக்குப் போனேன். காகம் கரைவது போல ஒரு சிங்களக் கோஷம் அங்கே மெட்டோடு ஓடிக்கொண்டிருந்தது. நாலு வயதுப் பிள்ளையும் பாடியது. அதை எழுதியது யார் என்று ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

என்ன கருவிகள் வைத்திருக்கிறீர்கள்?

போன், ஒரு சாதாரண மைக், பழைய கீபோர்ட். குரலை அலுமாரிக்குள் தலையை விட்டுப் பதிவு செய்கிறேன், சேலைகள் எதிரொலியைக் குடித்துவிடும். பிரச்சினை ரயில். கரையோரப் பாதை எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஒழுங்கை தள்ளி. காலையும் மாலையும் விடாமல் ஓடும். நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்தேன். ரயில்கள் அதைப் படிப்பதில்லை.

மேடைக்கும் ஆன்லைனுக்கும் என்ன வித்தியாசம்?

சிரிப்புக்கு எடுக்கும் நேரம். மேடையில் சனம் சிரித்து முடியும்வரை அடுத்த வரியைத் தொடக்கூடாது, தொட்டால் இரண்டும் கெடும். கையிலிருக்கும் கோர்டைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டு நிற்பேன். வீடியோவில் அப்படி நின்றால் பார்க்கிறவர் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் என்னிடம் இரண்டு அளவு இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சூமில் நிகழ்ச்சி செய்தேன். எல்லோரும் மைக்கை அணைத்திருந்தார்கள். நாற்பது முகங்கள் சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடுகின்றன. சிரிக்கிறார்களா, கொட்டாவி விடுகிறார்களா? மீன் தொட்டிக்குப் பாடியது போல இருந்தது.

எப்போது கல்யாணம்?

அடுத்த கேள்வி.

எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வருவீர்களா?

வருவேன், சில நிபந்தனைகள் உண்டு. பந்திக்கு முன்னால் பாடச் சொல்லாதீர்கள். பசித்த தமிழனைச் சிரிக்க வைக்க என்.எஸ்.கே. வந்தாலும் முடியாது. மாமியாரைப் பற்றிப் பகிடி வேண்டுமென்றால் மாமியாரே கேட்க வேண்டும். ஒலிபெருக்கிக்காரரின் நம்பரை இரண்டு நாள் முன்னதாகத் தாருங்கள். அரைவாசி முற்பணம், அந்த விஷயத்தில் நான் அன்ரியின் சிஷ்யை. என் பாட்டுக்கு முன்னால் மாப்பிள்ளையின் சித்தப்பா "இரண்டே இரண்டு வார்த்தை" பேசப் போகிறார் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அவர் முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருக்க என்னிடம் ஒரு கோர்ட் இருக்கிறது.